பேச்சியம்மாளின் பைஸ்டாண்டர்

1

பொன்முடி உச்சியில் நான் போய் நின்று நேற்றோடு ஒரு வருஷம். காலையிலேயே மகள் நித்யா குடும்ப வாட்ஸப்பில் அந்தப் படத்தைப் போட்டிருந்தாள். மஞ்சள் பனியன், வெள்ளைத் தொப்பி, கையில் பூச்செண்டு, முதுகுக்குப் பின்னால் மூடுபனி. நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நன்றாகத்தான் சிரிக்கிறேன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படத்துக்குக் கீழே மலையாளத்தில் ஏதோ எழுதியிருந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். "என் அம்மா, என் பெருமை" என்று வந்தது. இருபத்தாறு வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டியும் எனக்கு மலையாளம் பஸ் போர்டு படிக்கிற அளவுதான்.

அந்தப் படத்துக்காக நான் மலை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் பேச்சியம்மாள் என்கிற ஒருத்தி, ஆஸ்பத்திரியில் பச்சைக் கவுனை மாட்டிக்கொண்டு, முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், எனக்காகக் காத்திருந்தாள். அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

இதை நித்யாவிடம் நான் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடமும் சொன்னதில்லை. ஊர்க்காரர்களாகிய உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு வாசுதேவநல்லூரில் பாவாடை சட்டையோடு திரிந்த என்னைத் தெரியும். இங்கே இருப்பவர்களுக்கு மஞ்சள் பனியனை மட்டும்தான் தெரியும்.

2

திருவனந்தபுரத்தை வெளியூர் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தென்காசியில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம். துபாய்க்குப் போனவன் எழுதுகிற மாதிரி இவளும் எழுத வந்துவிட்டாளே என்று தோன்றும். தோன்றட்டும். துபாய்க்குப் போனவனுக்காவது தான் அந்நியன் என்று ஒரு நிச்சயம் உண்டு. எங்களுக்கு அதுவும் இல்லை.

என் வீட்டுக்காரர் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு சைவ ஹோட்டலில் சமையல் மாஸ்டர். நான் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். கரமனையில் ஆற்றை ஒட்டி வாடகை வீடு. ரேஷன் கார்டு, கேஸ், நித்யாவின் பள்ளிக்கூடச் சேர்க்கை என்று எந்த ஆபீஸுக்குப் போனாலும் 'எந்த ஊர்' என்ற கட்டத்தில் தமிழ்நாடு என்றுதான் எழுதிக்கொடுத்திருக்கிறோம். எழுதிய உடனே அந்தப் பக்கம் இருப்பவரின் குரல் கொஞ்சம் மாறும். "நாளை வா" என்பார். 'வாங்க' இல்லை, 'வா'.

நித்யா இங்கேயே பிறந்தவள். வீட்டுக்குள் எங்களிடம் தமிழ் பேசுவாள், ஆனால் பாதியில் மலையாளத்துக்குத் தாவிவிடுவாள். பள்ளிக்கூடத்துக் காலத்தில் என்னைத் தெருமுனையிலேயே நிற்கச் சொல்வாள், சிநேகிதிகள் முன்னால் நான் வாயைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக. கட்டட வேலைக்கு வந்தவர்கள் பஸ்ஸில் சத்தமாகப் பேசினால் "இந்தத் தமிழ் ஆளுங்க" என்று முகத்தைச் சுளிப்பாள். நானும் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பேன். அவளைக் கண்டித்ததில்லை. கண்டித்திருக்க வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன், அதற்குப் பிறகு மருந்து ஏற்றுவது, கரண்ட் வைப்பது என்று ஒரு வருஷம் போயிற்று. அதையெல்லாம் விவரிக்க எனக்குத் தெம்பில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணைக்கு இருப்பவரை பைஸ்டாண்டர் என்பார்கள். பைஸ்டாண்டர் இல்லாமல் படுக்கை தரமாட்டார்கள், ஆபரேஷன் செய்யமாட்டார்கள். மருந்து வாங்கி வருவது, ரத்தம் எடுத்து வருவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் அவர் வேலை. பெண்கள் வார்டு என்றால் பெண்தான் இருக்க வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ், அதற்கு மேல் கிடையாது.

நித்யாவுக்குப் பரீட்சை நேரம். ஊரிலிருந்து வந்த என் தங்கை நான்கு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டாள். மீதி நாட்களுக்கெல்லாம் எனக்குத் துணை இருந்தது அடுத்த தெரு மைதிலி மாமி. கரமனை அக்ரஹாரத்து மாமி, கணவர் போய்ப் பத்து வருஷம். எனக்கும் அவருக்கும் ஜாதி, தெரு, சாப்பாடு எதுவும் ஒட்டாது. "ஒத்தைல கெடந்து அவஸ்தைப்படாதேடி, எனக்கு ஆத்துல என்ன ஜோலி?" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். என் வாந்தியை ஏந்திய கை அது.

3

நடைப் பயணம் நித்யாவின் யோசனை. அவளும் கூட வேலை பார்ப்பவர்களுமாகச் சேர்ந்து ஒரு சின்ன சங்கம் வைத்திருந்தார்கள். நோயிலிருந்து எழுந்து வந்த ஒருத்தி, கரமனை ஆற்றுப் பாலத்திலிருந்து பொன்முடி வரைக்கும் கட்டம் கட்டமாக நடப்பாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தெரிந்தவர்கள் நன்கொடை தருவார்கள். துணைக்கு ஆளில்லாத நோயாளிகளுக்கு அந்தப் பணத்தில் பைஸ்டாண்டர் ஏற்பாடு செய்வது என்று திட்டம். அந்தக் கடைசிப் பகுதியைச் சொன்னது நான்.

போஸ்டர் அடித்தார்கள். என் பெயருக்கு முன்னால் 'கரமனை ஸ்வதேசினி' என்று இருந்தது. இந்த மண்ணின் மகள் என்று அர்த்தம். இருபத்தாறு வருஷம் எந்த ஆபீஸும் எனக்குத் தராத பட்டத்தை ஒரு கட்டி வாங்கிக்கொடுத்துவிட்டது. நித்யாவிடம் தமிழ்நாடு என்று ஒரு வார்த்தை போடக்கூடாதா என்று கேட்டேன். போட்டால் வழியில் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள் என்றாள். அவள் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நடந்தோம். பேரூர்க்கடை வரை ஒரு கட்டம், நெடுமங்காடு வரை இரண்டு, பிறகு சுள்ளிமானூர், விதுரை, கல்லாறு. போன வாரம் எந்த இடத்தில் நின்றோமோ அதே இடத்துக்கு பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து மறுபடியும் தொடங்குவோம். முதல் வாரம் அம்பலமுக்கு ஏற்றத்திலேயே மூச்சு வாங்கி ஒரு பேக்கரி வாசலில் உட்கார்ந்துவிட்டேன். நான்காவது வாரம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே என் கால் தானாகப் போனது. அறுத்த பக்கத்துக் கையை வீசி நடந்தேன். வீட்டு வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள், சேச்சி என்று கூப்பிட்டு நாரங்கா வெள்ளம் என்கிற எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தார்கள்.

மறைக்காமல் சொல்கிறேன், அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிறந்ததிலிருந்து யாரும் எனக்குக் கைதட்டியதில்லை. என் மகள் என் தோளில் கை போட்டு, "எண்டெ அம்மையாக்கும்" என்று எல்லாரிடமும் சொன்னாள். என்னைத் தெருமுனையில் நிற்க வைத்த அதே பெண். அந்தக் கைதட்டலுக்காகவே நான் பொன்முடிக்கு மேலேயும் ஏறியிருப்பேன்.

4

பேச்சியம்மாளை நான் பார்த்தது நடைப் பயணம் ஆரம்பித்த மாதம், பரிசோதனைக்குப் போன ஒரு நாளில். சீட்டு கொடுக்கிற இடத்தில் ஒரு பெண் சங்கரன்கோவில் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே இருப்பவருக்கு அது புரியவில்லை, அவர் சொன்னது இவளுக்குப் புரியவில்லை. நான் போய் நடுவில் நின்றேன். கழக்கூட்டத்தில் ஏதோ அடுக்குமாடிக் கட்டடத்தில் சித்தாள் வேலை, அங்கேயே தகரக் கொட்டகையில் குடியிருப்பு. புருஷன் எப்போதோ விட்டுப் போய்விட்டான். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். எனக்கு வந்த அதே நோய். மருந்தெல்லாம் தனியாகவே வந்து ஏற்றிக்கொண்டுவிட்டாள். இனி ஆபரேஷன். அதற்கு பைஸ்டாண்டர் வேண்டும். மகன் லீவு போட்டு வந்தாலும் ஆண் என்று உள்ளே விடமாட்டார்கள்.

என் பெயரைக் கொடுத்துக்கொள்ளச் சொன்னேன். சங்கத்தின் மூலமாக ஆள் போடுவதென்றால் கூட்டம் போட்டு, தீர்மானம் போட்டு, எப்போது முடிகிற காரியம். நம் ஊர்ப் பெண், நானே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன். என் ஆதார் நகலை வாங்கிக்கொண்டு, என் பெயரும் படமும் போட்ட பாஸ் ஒன்றைத் தந்தார்கள்.

அவளுக்கு என்னைவிட ஆறு வயது குறைவு. தலையில் முடி இல்லை, துண்டைக் கட்டியிருப்பாள். என் நடையைப் பற்றிக் கேட்டுவிட்டு, செங்கல் சுமந்து பன்னிரண்டு மாடி ஏறியதற்கு எவனாவது கைதட்டினானா என்று சிரித்தாள். பயமாக இருக்கிறதா என்று ஒரு நாள் கேட்டேன். "நீங்க நிக்கியள்லா, எனக்கு என்ன பயம்?" என்றாள்.

5

கடைசிக் கட்டம் கல்லாற்றிலிருந்து பொன்முடி உச்சி வரை. அது வனத்துறைப் பாதை, இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு, யானை இறங்குகிற இடம். நடந்து போக அனுமதி வேண்டும். மனு கொடுத்து, மனுவில் சீல் இல்லை என்று திரும்பி வந்து, சீல் வைத்துக் கொடுத்து, வேறு ஆபீஸரிடம் போகச் சொல்லி, ஒரு மாதம் அலைந்தாள் நித்யா. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் அதிகம், தரமுடியாது என்றார்கள். கடைசியில் ஒரு புதன்கிழமை, காலை ஏழு முதல் மதியம் இரண்டு வரை என்று கடிதம் வந்தது. தேதி மாற்றமுடியாது என்று அதிலேயே எழுதியிருந்தது.

பேச்சியம்மாளுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்றுதான் சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை போய் உட்கார்ந்துவிடலாம் என்றிருந்தேன். திங்கட்கிழமை அவளைப் படுக்கையில் சேர்த்துவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வார்டிலிருந்து போன். லிஸ்டில் ஒருவருக்குக் காய்ச்சல், அதனால் பேச்சியம்மாளுக்கு புதன்கிழமையே.

மாமியிடம் ஓடினேன். "நான் போய் ஒக்காந்துக்கறேன். நீ மலையேறு. ஒனக்காக நான் ஒக்காந்த எடம் அது, எனக்குத் தெரியாத வார்டா?" என்றார். வார்டு நர்ஸிடம் போனில் சொன்னேன். பாஸ் கையில் இருந்தால் மாமி வரலாம், பதினோரு மணிக்கு மேல்தான் தியேட்டருக்கு எடுப்பார்கள் என்றார். அன்று சாயங்காலமே மாமி வீட்டுக்குப் போய், ஃபிளாஸ்க், பேச்சியம்மாளின் ரிப்போர்ட் ஃபைல் எல்லாம் கொடுத்துவிட்டு வந்தேன். எல்லாம் கொடுத்தாயிற்று என்றே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குக் கல்லாறு சோதனைச் சாவடி. பதினைந்து பேர் பேனரோடு நின்றார்கள். உள்ளூர் சேனல் ஒன்றிலிருந்து கேமராக்காரர் வந்திருந்தார். வனத்துறைக் காவலர் ஆதார் கேட்டார். கழுத்தில் மாட்டியிருந்த துணிப்பையிலிருந்து ஆதாரை உருவினேன். அதோடு ஒட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி பாஸும் வந்தது. என் பெயர், என் படம், கீழே பேச்சியம்மாள் என்று மலையாளத்தில் எழுதியிருந்தது.

மாமியிடம் கொடுத்திருக்க வேண்டிய பாஸ். போனை எடுத்தேன். விதுரை தாண்டினாலே போன் செத்துவிடும், ஒரு கோடுகூட இல்லை. எதிரே, திருவனந்தபுரம் திரும்புகிற டிரான்ஸ்போர்ட் பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் இறங்கிச் சாயா குடித்துக்கொண்டிருந்தார். அதில் ஏறியிருந்தால் ஒன்பதரைக்குள் வார்டில் இருந்திருப்பேன். ஏறாவிட்டாலும் கூட வந்த பையன்கள் யாரிடமாவது பைக்கில் கொடுத்தனுப்பியிருக்கலாம். ஆனால் கேட்க வேண்டும். கேட்டால் விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் நித்யா முகம் மாறும். அம்மா, அந்தத் தமிழ்ப் பெண்ணுக்கு நீ எதற்குப் பெயர் கொடுத்தாய், அதற்குத்தானே சங்கம் என்று பதினைந்து பேர் முன்னால் கேட்பாள்.

"அம்மா, எந்தா தேடுற? எல்லாரும் வெயிட்டிங்காணு. ரெண்டு மணி வரெ தான் பர்மிஷன்" என்றாள் நித்யா.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

மாமியை வார்டில் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாஸைத் திருப்பிப் பைக்குள் வைத்தேன். நடக்க ஆரம்பித்தோம். சாயா குடித்த டிரைவர் எங்களைப் பார்த்துக் கை காட்டினார், நானும் காட்டினேன்.

தெரியாமல் நடந்த தப்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. தெரிந்துதான் ஏறினேன். முதல் ஐந்தாறு வளைவு வரைக்கும் கழுத்தில் அந்தப் பை கனத்தது. பிறகு மூச்சு வாங்கியதில் அதையும் மறந்துவிட்டேன். பதினெட்டாவது வளைவில் மூடுபனி வந்து மூடியது. எல்லாரும் பாட்டுப் பாடினார்கள். ஒன்றேகால் மணிக்கு உச்சி. கைதட்டினார்கள். பூச்செண்டு கொடுத்தார்கள். நான் சிரித்தேன்.

6

வேனில் இறங்கி விதுரை வந்ததும் போன் துடிக்க ஆரம்பித்தது. மாமியிடமிருந்தும் வார்டிலிருந்தும் எத்தனையோ அழைப்புகள். தலைவலி என்று சொல்லிவிட்டு நித்யாவை வீட்டில் இறக்கினேன். நான் மஞ்சள் பனியனோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மாமி வாசல் கேட்டுக்கு வெளியே, வெயிலில், ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். "பாஸ் இல்லேன்னு வாசல்லயே நிறுத்திட்டான்டி. நானும் எட்டு மணிலேர்ந்து கெஞ்சறேன். புது செக்யூரிட்டி, மொகம் தெரியாதவன்" என்றார். என் பனியனைப் பார்த்தார். அதற்குப் பிறகு மாமி என்னிடம் பழைய மாதிரி பேசுவதில்லை. தெருவில் பார்த்தால் சௌக்கியமா என்பார், அவ்வளவுதான்.

உள்ளே நர்ஸ் சொன்னதை நானாகவே தமிழாக்கிப் புரிந்துகொண்டேன். பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். ரத்தம் எடுத்துவர ஆளில்லை, கையெழுத்துப் போட ஆளில்லை. அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த நோயாளியை எடுத்துக்கொண்டார்கள். இனி ஐந்து வாரம் கழித்துத்தான் தேதி இருக்கிறது.

பேச்சியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். கவுனைக் கழற்றியிருந்தாள். அறுக்க வேண்டிய இடத்தில் டாக்டர் பேனாவால் போட்ட கோடு ஜாக்கெட் விளிம்பில் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"ஏறி முடிச்சிட்டியளாக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"மேல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் தெரியல. ஒரே மூட்டமா இருந்துச்சு."

"அவ்வளவு தூரம் போயி ஒண்ணும் பாக்கலியா?" என்றாள். உண்மையாகவே எனக்காக வருத்தப்பட்டாள். பாஸைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். போன் கிடைக்கவில்லை என்று மட்டும் வந்தது. மலையில் எப்படிக்கா கிடைக்கும் என்று அவளே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டாள்.

7

இரண்டு நாள் கழித்து அவளைத் தம்பானூரில் பஸ் ஏற்றிவிட்டேன். ஊரில் கோயில் கொடை, போய்விட்டுத் தேதிக்கு வந்துவிடுகிறேன் என்றாள். ஒரு கட்டைப்பை, அவ்வளவுதான் சாமான். ஜன்னலோரம் உட்கார்ந்து, துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டு, கையை வெளியே நீட்டி என் கையைத் தொட்டாள்.

"அடுத்த தடவ வேற ஆளு பேரு குடுத்துக்கிடுதேன்க்கா. நீங்க நடக்கணும்லா."

குத்திக் காட்டவில்லை. அவளுக்கு அப்படிப் பேச வராது. என் வேலை பெரிய வேலை, அதற்கு இடைஞ்சலாகிவிட்டோம் என்று நினைத்துத்தான் சொன்னாள். அவளுக்கு வேறு ஆள் கிடையாது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பஸ் போய்விட்டது.

பிற்பாடு, அவள் இறந்து பதினாறு முடிந்த பிறகு, அவள் போனிலிருந்து மகன் என்னைக் கூப்பிட்டான். அம்மாவுக்கு ரொம்ப உதவியாக இருந்தீர்களாம், நன்றி சொல்லக் கூப்பிட்டேன் என்றான். அம்மா ஏன் ஆபரேஷனுக்குத் திரும்பி வரவில்லை என்று கேட்டேன். டாக்டரே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அம்மா சொன்னார்களே என்றான். ஐந்து மாதம் அவள் எனக்காக ஒரு பொய்யைக் காப்பாற்றி வைத்திருந்தாளா, அல்லது இந்த ஊருக்கு மறுபடி வந்து கேட்டில் நிற்கத் தெம்பில்லையா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் அதற்குக் காரணம் நான்தான். நித்யாவுக்குத் தெரிந்தால் உன்மேல் தப்பில்லை அம்மா என்பாள். அந்த வார்த்தையைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் என்னைத் தினமும் பிடித்து உலுக்குவது மகனின் போன் இல்லை. அவளுக்குக் குறித்திருந்த அந்த இரண்டாவது தேதி. முந்தின வாரம் முழுக்க அவளை அழைத்துப் பார்த்தேன், ஸ்விட்ச் ஆஃப். வேறு ஆள் பெயர் கொடுத்திருக்கிறாளா என்று வார்டில் கேட்டேன். இல்லை, உங்கள் பெயர்தான் இருக்கிறது என்றார்கள். கடையில் லீவு சொன்னேன். போர்வை, இரண்டு நைட்டி, டம்ளர், ஃபிளாஸ்க்கில் கஞ்சி, ஆதார், புதிதாகப் போட்டுத் தந்த பாஸ் எல்லாம் எடுத்துக்கொண்டு காலை ஆறு மணிக்கே போய் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் துண்டு கட்டிய தலை தெரிகிறதா என்று பார்த்தேன்.

எட்டு மணிக்கு நர்ஸ் வந்து லிஸ்ட் வாசித்தார். பேச்சியம்மாள் என்றதும் எழுந்து நின்றேன்.

"பைஸ்டாண்டரா?"

ஆமாம் என்றேன்.

"பேஷ்யன்ட் எவிடே?"

வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். அரைமணி நேரம் கழித்து மறுபடி கேட்டார், பஸ் பழுது, வந்துவிடுவாள் என்றேன். ஒன்பதரைக்கு மூன்றாவது முறை வந்தார். அதட்டவில்லை. பெயர் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற இன்னொரு பெண்ணுக்கு அந்த நாற்காலியைக் காட்டினார். பிறகு என் தோளைத் தொட்டு, எனக்குப் புரிய வேண்டுமே என்று தமிழும் கலந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"பேஷ்யன்ட் இல்லாதெ பைஸ்டாண்டருக்கு இவிடே இரிக்கான் முடியாது, சேச்சி."

நான் எழுந்து இடம் விட்டேன்.